மீன் குழம்பில் வெந்த செம்புக் கட்டி

இயேசு மரி சூசை

கள்ளிக்குப்பம், அம்பத்தூர்
14-3-1999, ஞாயிறு

மரியாதைக்குரிய மைத்துனர் ஜேசுராஜ் அவர்களுக்கு, அத்தான் வேதமுத்து ஜெபத்தோடும் கொஞ்சம் கூச்சத்தோடும் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் திண்டிவனத்தில் சகல சுகத்தோடும் இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். இங்கே நானும் மகள் தெரசாவும் அவளுடைய கம்ப்யூட்டரும் உயிரோடு இருக்கிறோம். உங்கள் அக்காள் சகாயமேரி நேற்றுக் காலை ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு, "என் தம்பி ஊட்டுக்குப் போறேன், இனிமே இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுக் கிளம்பியபடியால், இந்நேரம் உங்கள் கூடத்தில் உட்கார்ந்து பாதிக் கதையைச் சொல்லி முடித்திருப்பாள். மீதிப் பாதியை நான் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தெரசா கம்ப்யூட்டரில் பொம்மைப் படம் செய்யப் படித்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். கோடம்பாக்கத்தில் ஒரு கம்பெனிக்காரர்கள், சொந்தமாக அரை நிமிஷப் படம் ஒன்று செய்து திங்கட்கிழமை கொண்டுவா, பிடித்தால் வேலை என்று சொல்லியிருந்தார்கள். அவள் ஒரு சேவலைச் செய்தாள். அது மதில்மேல் ஏறி, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து கூவ வேண்டும். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தப் பெட்டி ஒவ்வொரு படமாக உட்கார்ந்து வரைகிறது மச்சான், சேவல் ஒரு இறகை அசைப்பதற்குள் நாம் ஒருவேளைச் சாப்பாட்டை முடித்துவிடலாம். இது ஆகாது என்று அவள் உள்ளே மூளையாக இருக்கும் சில்லை அதன் சக்திக்கு மீறி ஓட விட்டாள். ஓடுகிற எதுவும் சூடாகும் அல்லவா, அதுவும் அம்பத்தூர் வெயிலில். மேலே ஒட்டியிருந்த சின்னக் காற்றாடி போதவில்லை. வெளிநாட்டில் பிள்ளைகள் தண்ணீர் ஓட்டிக் குளிர வைக்கிறார்கள் என்று பிரவுசிங் சென்டரில் படித்துவிட்டு வந்து, அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் துலுக்கானத்திடம் சொல்லி, பர்பித் துண்டு அளவுக்கு ஒரு செம்புக் கட்டி கடைந்து வாங்கினாள். அதற்குள்ளே தண்ணீர் ஓட வாய்க்கால், மேலே திருகு வைத்த மூடி. அது சில்லின் தலையில் உட்காரும். அதிலிருந்து இரண்டு டியூப். மீன் தொட்டி மோட்டார் ஒன்று தண்ணீரைத் தள்ளும். சூடான தண்ணீர், பழைய காரிலிருந்து கழற்றிய செம்பு ராடியேட்டருக்குப் போய் ஆறித் திரும்பி வரும். ராடியேட்டருக்குக் காற்று வேண்டுமென்று அதைக் கூடத்து ஜன்னலில் கட்டினாள். டியூப் கீழே தொங்கி யார் காலிலும் மாட்டக் கூடாதென்று, மாதா படத்துக்கு மேலே ஆணியடித்து, அதன்மேல் போட்டு, நீளம் போதாமல் அங்கேயே ஒரு இணைப்பும் கொடுத்து, ஜன்னலுக்குக் கொண்டுபோனவன் நான். இதைக் கவனத்தில் வையுங்கள்.

மச்சான், ரயில்வேயில் ஆயுசு முழுக்க பாய்லர் பிட்டராக இருந்தவனுக்கு, சொந்த வீட்டில், சொந்த மகளுடைய மேஜைமேல், செம்பும் தண்ணீரும் சூடும் ஒன்றாகச் சேர்ந்தால் எப்படி இருக்கும்? ரிட்டயர் ஆனதிலிருந்து இந்த வீட்டில் என்னை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை, பால் பாக்கெட் வந்துவிட்டதா என்பதைத் தவிர. நான் தெரசாவிடம், "இது பாய்லர்டி கண்ணு" என்றேன். "இல்லப்பா. பாய்லரு தண்ணியச் சூடாக்கும். இது சூட்டத் தண்ணி எடுத்துகினு போவும்" என்றாள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது.

போன வாரம் டியூப்பில் தண்ணீர் பச்சையாகிவிட்டது. பாசி. செம்பும் உள்ளே கறுத்துப்போய் வாய்க்கால் அடைத்து, சூடு ஏறி, பெட்டி தானாக நின்றுவிட்டது. சேவல் மதில்மேல் ஏறி, வாயைத் திறந்து, அப்படியே நிற்கிறது. தெரசா கலங்கவில்லை. வியாழக்கிழமை எல்லாவற்றையும் கழற்றி, செம்புக் கட்டியை ஒரு தட்டில் வைத்து, எனக்குப் பாடமே நடத்தினாள். எலுமிச்சம் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, பழைய டூத் பிரஷ், அவ்வளவு போதும். சில்லின்மேல் உட்காரும் வழவழப்பான முகத்தில் கீறல் விழவே கூடாது. நல்ல தண்ணீரில் கழுவி, பிறகு பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரைத்தான் உள்ளே விட வேண்டும், கிணற்றுத் தண்ணீர் விட்டால் உப்புப் படியும். சில்லுக்கும் செம்புக்கும் நடுவில் பூச ஒரு வெள்ளைப் பசை வேண்டும், அது எலக்ட்ரானிக் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில்தான் கிடைக்கும். வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பும்போது, "யப்பா, நான் வர்ற வரிக்கும் கம்ப்யூட்டரத் தொடாத" என்றாள். நீங்கள் நியாயஸ்தர், நீங்களே சொல்லுங்கள். தட்டில் இருந்தது கம்ப்யூட்டரா? தட்டில் இருந்தது செம்பு.

அன்று சாயந்திரம் நம் வீட்டில், தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம். ஜெபம் முடிந்ததும் வந்தவர்களுக்குச் சாப்பாடு. தவக்கால வெள்ளி ஆதலால் கறி கிடையாது என்று உங்கள் அக்காள் வஞ்சிரம் வாங்கி, அண்டாவில் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் எலுமிச்சம்பழம் இல்லை. ஆனால் சமையல்கட்டில் ஒரு குண்டான் நிறையப் புளி கரைத்து வைத்திருந்தாள். நமக்குத் தெரியாத புளியா? கட்டியையும் மூடியையும் திருகுகளையும் ரப்பர் வாஷரையும் அதில் போட்டுவிட்டு, பிரஷ் தேடப் பின்கட்டுக்குப் போனேன். பிரஷ் கிடைக்கச் சற்று நேரமாகிவிட்டது. திரும்பி வந்தால் குண்டான் காலி. அவள் அத்தனை புளியையும் அண்டாவில் சாய்த்துவிட்டிருந்தாள். சொத்தென்று ஏதோ விழுந்ததாம், கரையாத புளிக் கட்டியென்று நினைத்தாளாம். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கரண்டியை விட்டுக் கலக்கினாள். டங் என்றது. மறுபடி கலக்கினாள். டங். கரண்டியில் வாரி வெளியே எடுத்து, என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இன்னாய்யா இது? எம் மீன் கொழம்புல பர்பி கீது?"

மச்சான், ஒரு உண்மையை நான் மறைக்க மாட்டேன். அந்தக் கட்டி அப்படிப் பளபளத்தது. புதுக் காசுபோல. நான் அதைச் சொல்லியும் விட்டேன். "மேரி, எம்மாம் பளிச்சினு வந்துகீது பாரு" என்றேன். அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. செம்பு வெந்த குழம்பை மனிதர் சாப்பிடலாகாது என்று நானே எடுத்துச் சொல்லும்படி ஆகி, மூடியையும் திருகுகளையும் துழாவி எடுத்துக்கொண்டு, முழு அண்டாவையும் தென்னை மரத்தடியில் குழி வெட்டிக் கொட்டினோம். அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் ரசம் வைத்து அப்பளம் பொரித்தாள். அவள் பேசாமல் அப்பளம் பொரித்தால் அது எவ்வளவு ஆபத்து என்று கூடப் பிறந்த உங்களுக்குத் தெரியாததல்ல.

இதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கட்டியில் மீன் வாசனை. கோடம்பாக்கம் கம்பெனியில் போய் அந்தப் பெட்டி வஞ்சிரமாக மணந்தால் பெண்ணுக்கு அசிங்கமில்லையா? உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். வழவழப்பான முகத்தைத்தான் முதலில் தேய்த்தேன், அதுதானே தேய்க்க வசதி. பிறகு மூடியை மாட்டப் போனால் ரப்பர் வாஷரைக் காணோம். அது தென்னை மரத்தடிக்குப் போய்விட்டது. அதனாலென்ன, சணல் நூலைச் சுற்றி வெள்ளைப் பெயின்ட் தடவி, குழாய்க்காரர்கள் செய்வதுபோலவே இறுக்கினேன். டியூப்களை மாட்டினேன். எந்த வேலையையும் சோதனை பார்க்காமல் கொடுத்துப் பழக்கமில்லாதவன் நான். அந்த மீன் தொட்டி மோட்டாரின் தள்ளல் எனக்குத் தள்ளலாகவே தோன்றவில்லை. தோட்டத்துக் குழாயில் ஹோஸ் மாட்டி, மறுமுனையை டியூப்பில் செருகி, லேசாகத் திறந்து வைத்தேன். அரைமணி நேரம் ஒழுகாமல் நின்றால் பாஸ். கம்ப்யூட்டர் அந்தப் பக்கம் பிளாஸ்டிக் உறை போர்த்திக்கொண்டு தனியாகத்தான் இருந்தது, அதை நான் தொடவே இல்லை.

அதற்குள் அன்பியத்தார் வந்துவிட்டார்கள். நானும் முகம் கழுவிக்கொண்டு முழந்தாள் படியிட்டேன். குழாயை மறந்துவிட்டேன். ஜெபமாலையின் துக்க தேவ இரகசியம் சொல்லிக்கொண்டிருந்தோம். மூன்றாவது பத்தில், முன்னால் இருந்த ஒரு அம்மாள் விக்கி விக்கி அழ ஆரம்பித்தாள். ஜெபம் நடத்திய கோயில் உபதேசியார் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஜெபமாலையை அப்படியே நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். நானும் பார்த்தேன். மாதாவின் கண்ணுக்குக் கீழே ஒரு சொட்டு. அது கன்னத்தில் இறங்கியது. இன்னொரு சொட்டு.

"மாதா அழுவுறாங்க!" என்று உபதேசியார் கத்தினார்.

சபை மொத்தமும் தரையில் விழுந்தது. உங்கள் அக்காள் எல்லோருக்கும் முன்னால் போய் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, "எம் ஊட்டுக்கா தாயே வந்த? எங்கொழம்பு போனதுக்கா தாயே அழுவுற?" என்று கதறினாள். சத்தம் கேட்டுத் தெருவில் போனவர்களெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். யாரோ மெழுகுவர்த்தி வாங்க ஓடினார்கள். யாரோ, பங்குச் சாமியாரைக் கூட்டிவரச் சைக்கிளில் கிளம்பிவிட்டார்கள். உபதேசியார் விரலால் ஒரு சொட்டைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, விரலை முகர்ந்து பார்த்தார்.

"மீனு வாசன அடிக்குது" என்றார் மெதுவாக.

"யேசுவோட சீஷருங்க மீனவங்கதானே" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். சபை இன்னும் பலமாக அழுதது.

சாமியார் வந்து சேர்ந்துவிட்டால் பிறகு அது என் கையில் இல்லை என்று எனக்குப் புரிந்தது. எழுந்து நின்றேன். "எல்லாரும் மன்னிக்கணும். மாதா அழல. மேல டியூப்பு ஒழுவுது" என்றேன். யாரும் நம்பவில்லை. விசுவாசம் இல்லாதவன் என்று ஒரு கிழவர் என்னை அடிக்கவே வந்தார். வேறு வழியில்லாமல், நிரூபிப்பதற்காக ஆணியிலிருந்த டியூப்பைப் பிடித்துக் கொஞ்சம் அசைத்தேன். அது முழுசாகக் கழன்றுவிட்டது. உள்ளேயிருந்த தண்ணீர் முதலில் உபதேசியார் மேலும், பிறகு வரிசையாகச் சபையார் மேலும், கடைசியில் வெகுநேரம் உங்கள் அக்காள் மேலும் பீச்சியது. விரித்த கையை அவள் மடக்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் தெரசா பசையோடு வாசலில் வந்து நின்றாள்.

நேரே தோட்டத்துக்கு ஓடினாள். குழாயை மூடினாள். மாதா படத்தைத் துடைத்தாள். எல்லோரும் போன பிறகு, செம்புக் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான், "வேல போச்சாம்மா?" என்று கேட்டேன். "கட்டிய நேராக்கிடலாம்பா. அம்மாவ எப்பிடி நேராக்கப் போற?" என்றாள். மறுநாள் காலையிலேயே சகாயமேரி பையைத் தூக்கிவிட்டாள். தெரசா அழைத்தும் நிற்கவில்லை. பெண் அதன் பிறகு ஒரு கண்ணாடித் துண்டின்மேல் நைஸ் உப்புத்தாளைப் பரப்பித் தண்ணீர் விட்டு, செம்பின் முகத்தைப் பொறுமையாகத் தேய்த்துச் சமனாக்கினாள். என் கீறல்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. துலுக்கானத்திடம் வேறு வாஷர் வாங்கினாள். பேட்டரித் தண்ணீர் விட்டு, முதலில் கரன்ட் கொடுக்காமல் மோட்டாரை மட்டும் ஓட்டி, அடியில் செய்தித்தாள் விரித்து, "இத மட்டும் பாத்துகினு இருப்பா. ஒரு புள்ளி ஈரம் பட்டாலும் சொல்லு" என்றாள். பார்த்தேன் மச்சான். கண் கொட்டாமல் பார்த்தேன். அந்தத் தாளில் வந்திருந்த விளம்பரங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பெட்டியும் ஓடியது. இன்று விடிந்ததும் தெரசா என்னைத் தட்டி எழுப்பிக் காட்டினாள். சேவல் கூவிவிட்டது.

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினாள். எனக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் இருந்திருக்க வேண்டும் போலிருந்தது. அப்பளம் பொரிக்கும் ஆள்.

ஆகையால் மச்சான், உங்கள் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்கிறேன். அக்காளிடம் நல்ல வார்த்தை சொல்லி, முதல் பஸ்ஸிலேயே அனுப்பி வையுங்கள். அவள் இல்லாமல் இந்த வீடு வீடாக இல்லை. இனி செம்பு, பித்தளை, புளி, குழாய் எதையும் அவள் உத்தரவில்லாமல் தொடமாட்டேன் என்று மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் செய்திருக்கிறேன். படம் இன்னும் காயவில்லை. சேவல் அந்தப் பெட்டிக்குள்ளேதான் இருக்கிறது, வேறு பிரதி கிடையாது. டியூப்பைக் கழற்றிப் பழைய காற்றாடியை மாட்டி, நாளைக் காலை பெட்டியை அப்படியே ஆட்டோவில் வைத்துக் கோடம்பாக்கம் கொண்டுபோகப் போகிறாள். அவளுக்காக நீங்களும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள்.

தங்கள் மனைவியாருக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் முத்தங்களும். தங்கள் இல்லத்தில் சமாதானமும், குழம்பில் மீன் மட்டுமே இருக்கவும் திருக்குடும்பம் அருள்புரிவதாக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு அத்தான்,
வேதமுத்து

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது சகாயமேரி உள்ளே நுழைந்துவிட்டாள். அவள் திண்டிவனத்துக்கே வரவில்லையாம். நெமிலிச்சேரியில் கூட்டாளி சாமுண்டீஸ்வரி வீட்டில் இருந்திருக்கிறாள். கோபமெல்லாம் போய்விட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்கூட. தெரசா பூசைக்குப் போயிருக்கிறாள், வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் ஆனந்தத்தில் காபி போட்டுக்கொண்டு வந்து பார்த்தால், அவள் பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இம்மாம் தூசி கீது உள்ள! பொண்ணு நாளிக்கு எடுத்துகினு போறா, நம்ம வளர்ப்ப இன்னா நெனப்பாங்க? நீ ஒண்ணியும் தொடாத, நானே கழுவுறேன்" என்று முந்தானையைச் செருகிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். சோப்பு நுரை பொங்குகிறது. நான் வாளிமேல் ஏறி உட்கார்ந்தபடி இதை எழுதுகிறேன். மேலே எழுதியது எதையும் மனதில் வைக்காமல், உடனே புறப்பட்டு வந்து உங்கள் அக்காளைத் திண்டிவனத்துக்கு அழைத்துப் போகவும்.