குண்டூசி இனத்தைச் சேர்ந்த வைத்தியம்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. நீர்மானி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் என் பெரியப்பா மகன் சொன்னது. அண்ணன் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள் என்பதால், நான் குறைத்தே எழுதுகிறேன்.

அந்த அலுவலகத்து டிரைவருக்கு ஒருநாள் காலையில் கழுத்து பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்க்க முடியாததால் வண்டியைப் பின்னால் எடுக்க முடியவில்லை. இயக்குநர் வீட்டு வாசலை ஓரடி தாண்டிவிட்டாலும் ஊரைச் சுற்றிக்கொண்டு மறுபடி வர வேண்டியிருந்தது. காரணம் தெரியாத இயக்குநர், ‘நம் அலுவலகம் எப்போதும் முன்னோக்கியே செல்கிறது’ என்று ஒரு கூட்டத்தில் பெருமையாகப் பேசினார்.

ஆனால் வெள்ளிக்கிழமை ஓட்டுநர் தகுதிச் சோதனை இருந்தது. அதில் தேறாவிட்டால் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, பழைய தண்ணீர் மீட்டர்கள் துருப்பிடித்துக் கிடக்கும் கிடங்குக்குக் காவலாக அனுப்பிவிடுவார்கள். டிரைவருக்கு வண்டிதான் எல்லாம்.

அவர் மனைவி, அக்குபங்சர் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் வியாழக்கிழமை மாலைக்கு நேரம் வாங்கினார். போனில் கேட்டதை அப்படியே ஒப்பித்தார்.

"வெறும் வயித்தோட போகக்கூடாதாம். வயிறு முட்டவும் தின்னக்கூடாதாம். காபி வேண்டாமாம். முழங்கால் வரைக்கும் சுருட்டுற மாதிரி தொளதொளன்னு பேன்ட் போடணுமாம். நாக்கை வழிக்கவே கூடாதாம். அதோட நிறத்தைப் பாத்துத்தான் உடம்பைச் சொல்லுவாங்களாம்."

"கழுத்து வலிக்கு நாக்கு எதுக்கு?"

"உங்க நாக்கால எனக்குத் தலைவலி வரலியா? எல்லாம் சம்பந்தம்தான்."

மறுநாள் டிரைவர், அலுவலகக் கண்காணிப்பாளர் முன்னால் போய் நின்றார்.

"ஊசிக்குப் போகணும் சார். அரைநாள் லீவு."

"ஊசி போட்டுக்கத் தாராளமா லீவு உண்டு, விதியிலயே இருக்கு. என்ன மருந்து?"

"மருந்து இல்ல சார். வெறும் ஊசி."

கண்காணிப்பாளர் பேனாவை மூடினார். "மருந்து இருந்தா அது ஊசி போடுறது. இல்லாட்டி ஊசி குத்துறது. போடுற ஊசிக்குத்தான்யா லீவு. குத்துற ஊசிக்கு விதி கிடையாது. அதுல ஓட்டை இருக்கா?"

"இல்ல சார், கெட்டி ஊசி."

"நூல் கோக்கக் காது?"

"அதுவும் இல்ல சார்."

"ஓட்டையும் இல்ல, காதும் இல்ல. அப்ப அது குண்டூசி."

குண்டூசி என்பது எழுதுபொருள். எழுதுபொருளைப் பயன்படுத்த லீவு தேவையில்லை. அது அலுவல் பணி. ஆனால் உயரதிகாரி ஒருவரின் மேற்பார்வை தேவை. எனவே, ‘மேற்படி ஓட்டுநர் மேற்படி குண்டூசிகளை மேற்படி கழுத்தில் குத்திக்கொள்ளவும், பின்னர் அவற்றைச் சேதாரமின்றித் திரும்ப ஒப்படைக்கவும் இதனால் அனுமதிக்கப்படுகிறது’ என்று ஆணை பிறந்தது. மேற்பார்வைக்குக் கண்காணிப்பாளரே கிளம்பினார்.

அலுவல் பயணம் என்றான பிறகு, முன்னேற்பாடுகள் இருவருக்கும் பொதுவாயின. வியாழன் காலை கண்காணிப்பாளர் நாக்கை வழிக்கவில்லை, காபி குடிக்கவில்லை, மைத்துனரின் தொளதொள பேன்ட்டில் வந்தார். அவர் குடிக்காதபோது தான் மட்டும் எப்படிக் குடிப்பது என்று ஒவ்வொருவரும் நினைத்ததில், மதியத்துக்குள் அலுவலகமே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

மாலையில் டாக்டரம்மா டிரைவரைப் படுக்க வைத்தார்.

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். அப்புறம் அந்த இடம் கொஞ்சம் கனக்கும். பயப்படாதீங்க, பாதிப் பேர் தூங்கிடுவாங்க."

முதல் ஊசியைப் பாதத்தில் வைத்தார். கண்காணிப்பாளர் எழுந்துவிட்டார்.

"நிறுத்துங்கம்மா! அனுமதி கழுத்துக்கு. கால் நம்ம அதிகார வரம்புல வராது."

"சார், உங்க ஆபீஸ்ல மீட்டர் ஓடலைன்னு புகார் கொடுத்தா நேரா மீட்டர்கிட்டயா போறீங்க?"

"அதெப்படி? தபால் பிரிவு, கணக்குப் பிரிவு, கிடங்குன்னு சுத்தித்தான் போகும்."

"இதுவும் அப்படித்தான். என்ன, இது போய்ச் சேந்துடும்."

கண்காணிப்பாளர் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் டிரைவர் குறட்டை விட்டார். காபி இல்லாத தலைவலி கண்காணிப்பாளரைப் பிளந்தது. அவர் நெற்றியைப் பிடித்திருந்ததைப் பார்த்த டாக்டரம்மா, "உங்களுக்கும் ஒண்ணு வைக்கவா?" என்றார். அறிக்கைக்கு உதவும் என்று கண்காணிப்பாளர் ஒப்புக்கொண்டார். உச்சந்தலையில் ஒரே ஒரு ஊசி. வலி சட்டென்று குறைந்தது.

டிரைவரின் ஊசிகளை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, "நீங்க இருங்க சார், வந்து எடுக்கிறேன்" என்று டாக்டரம்மா அடுத்த அறைக்குப் போனார். டிரைவர் வண்டியை ஷெட்டில் விடக் கிளம்பினார். கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அலுவலக நேரம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு நொடி இருந்தாலும் அது அலுவல் அல்ல. தட்டில் இருந்தவற்றை எண்ணி, ‘அனைத்தும் திரும்ப ஒப்படைக்கப்பட்டன’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினார்.

அன்று இரவு எப்படிப் படுத்தார் என்பது அண்ணனுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை கண்காணிப்பாளரின் உச்சியில் ஊசி மின்னியது. மேலிடத்து உத்தரவு என்று எழுத்தர்கள் நினைத்தார்கள். பதவி உயர்வின் அடையாளம் என்று தட்டச்சர் நினைத்தார். டாக்டரம்மா போன் செய்து, ஒரு ஊசி குறைகிறது என்றார். போனை எடுத்தவர் கோப்பைப் பார்த்து, "அனைத்தும் ஒப்படைச்சாச்சுன்னு கையெழுத்து இருக்கும்மா. குறையுறது எங்க ஊசி இல்ல" என்று வைத்துவிட்டார்.

தகுதிச் சோதனையை நடத்தியதும் கண்காணிப்பாளர்தான். பின்சீட்டில் உட்கார்ந்து, "பின்னால எடு" என்றார்.

டிரைவர் திரும்பினார். கழுத்து வெண்ணெய் மாதிரி திரும்பியது. முதலில் தெரிந்தது ஊசி. இரண்டாவதாகத்தான் சாலை தெரிந்தது.

"என்னய்யா அப்படிப் பாக்குற? பின்னால எல்லாம் சரியா இருக்கா?"

கண்காணிப்பாளர் மடியில் டிரைவரின் தேர்ச்சித் தாள், கையெழுத்தில்லாமல் இருந்தது.

"எல்லாம் சரியா இருக்கு சார்."

தேறிவிட்டார். கண் பார்வை என்ற இடத்தில் ‘மிகக் கூர்மை’ என்று கண்காணிப்பாளர் எழுதிக்கொடுத்தார்.

அண்ணன் சொன்னதை அப்படியே அச்சுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்று வாரம் கழித்து நானே அந்த அலுவலகத்துக்குப் போனேன். தண்ணீர் வராத நாளிலும் எங்கள் வீட்டு மீட்டர் ஓடுகிறது என்று கொடுக்க ஒரு மனுவும் இருந்தது. கண்காணிப்பாளர் அதை வாங்கிக் குனிந்து படித்தார். மின்விசிறிக் காற்றில் ஊசி லேசாக ஆடியது.

"வேற ஏதாவது சொல்லணுமா, தம்பி?" என்றார்.

"இல்லைங்க சார்" என்றேன்.