ரிட்சுகோவுக்கு நான் போட்ட 'சான்'

பெருமதிப்பிற்குரிய முதன்மை ஆசிரியர் மிசோகுச்சி அம்மையார் அவர்களுக்கு,

பிழைதிருத்தும் பிரிவிலிருந்து குசகபே தெய்சோ தலைதாழ்த்தி எழுதிக்கொள்வது. மழைக்காலம் பிடித்து, அலுவலக வாசலில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூத்திருக்கும் இந்நாளில் தாங்கள் சளியும் முதுகுவலியும் இன்றி நலமாயிருக்க வேண்டுகிறேன். வரைந்தவரைக் கேட்காமல் ஒரு சொல் சேர்த்ததற்கு வெள்ளிக்கிழமைக்குள் கைப்பட ஒரு மன்னிப்புக் கடிதம் தராவிட்டால் என் மேசையைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தீர்கள். இதோ எழுதுகிறேன். மன்னிப்பு எந்தப் பத்தியில் வரும் என்று எனக்கே தெரியாததால் பொறுமையாகப் படிக்கவும்.

நம் மாத இதழில் ஏழு வருடமாக வரும் ஓனோதெரா ஷிஹோவின் 'முதல் பஸ்' படக்கதையில், பஸ் ஓட்டும் ரிட்சுகோவுக்கு வயது முப்பத்தொன்பது, மூக்குக்கண்ணாடிக் கடை சயோகோவுக்கு நாற்பத்திரண்டு, இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு உயிர் என்பது அந்த பஸ்ஸில் ஏறி இறங்கும் அத்தனை பேருக்கும் தெரியும், அவர்கள் மட்டும் வாய் திறந்து சொல்லிக்கொள்ள மாட்டார்கள், கண்ணில் ஒரு குறையும் இல்லாத ரிட்சுகோ பதினோரு தடவை கண் பரிசோதனைக்குப் போய்விட்டாள். (இதை ஒரு பஸ் கம்பெனி எப்படிக் கவனிக்காமல் இருக்கும் என்று ஓரத்தில் குறிப்பு எழுதினேன், யாரும் மதிக்கவில்லை.) மே மாத இதழுக்கு ஓனோதெரா அம்மையார் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, நனைந்த குடையோடு சயோகோவை பஸ் படியில் நிறுத்தி, அவள் வாயருகே ஒரே ஒரு சொல் எழுதி அனுப்பினார்: 'ரிட்சுகோ.' ஏழு வருடமும் அவள் 'ரிட்சுகோ சான்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். பெயருக்குப் பின்னால் சான் போட்டால் மரியாதை. போடாவிட்டால் ஒன்று சண்டை, இல்லை சொந்தம், இல்லை அச்சுப்பிழை. நாற்பத்தொரு வருடம் இந்த வேலை பார்த்தவன் கண்ணுக்கு மூன்றாவதுதான் முதலில் தெரியும். சிவப்புப் பேனாவால் 'சான்' சேர்த்தேன். இடமும் தாராளமாக இருந்தது.

இதழ் வெளிவந்த அன்று காலையே ஓனோதெரா அம்மையார் மூன்று மாடி ஏறி என் மேசைக்கு வந்துவிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஏழு வருஷமா அந்த ஒரு சானை எடுக்கறதுக்காகத்தான் ஐயா நான் இந்தக் கதையே வரைஞ்சேன்" என்றார்.

"எடுத்ததை ஓரத்துல ஒரு வார்த்தை குறிச்சு விட்டிருக்கலாமேம்மா" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனார். வீட்டுக்குப் போனால் அங்கே என் மனைவி ஃபுசாயோ இதழை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவள் முதல் இதழிலிருந்தே இந்தக் கதையை விடாமல் படிப்பவள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும், செய்தது நான்தான் என்றதும் பிடித்துக்கொண்டாள்: "நாப்பது வருஷமா என்னை 'ஏய், இந்தா'ன்னு கூப்பிட்ட மனுஷன். ஊரார் வீட்டுப் பொண்ணுக்கு மட்டும் மரியாதை பொத்துக்கிட்டு ஊத்துதாக்கும்." மூன்று நாள் மிசோ சூப் ஆறித்தான் வந்தது. நானும் அப்படியே குடித்தேன், ஏனென்றால் எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

ஐந்தாம் நாள் தபால் வந்தது, மூட்டை மூட்டையாக. எல்லாம் என்னைத் திட்டித்தான் என்று நீங்களும் நினைத்தீர்கள், நானும் நினைத்தேன். ஆனால் ஒருவருக்குக்கூட அது பிழை என்று தோன்றவில்லை. சொல்லத் துணிந்து வந்தவள் கடைசி நொடியில் பயந்துபோய் சானை ஒட்டவைத்துவிட்டாளே, பாவி, என்று அத்தனை பேரும் அழுதிருக்கிறார்கள். அகிதாவிலிருந்து ஐம்பத்துமூன்று வயது நர்ஸ் ஒருத்தி எழுதியிருந்ததை நீங்களே எல்லோர் முன்னாலும் வாசித்தீர்கள், மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன். யாயேகோ என்பவளோடு ஒன்பது வருடமாக ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், சான் போட்டே வாழ்ந்தவள் அவள். நம் இதழை மூடி வைத்ததும் ஆத்திரம் தாங்காமல், இந்த சயோகோதான் கோழை, எனக்கென்ன வந்தது என்று அடுப்படிக்குள் நுழைந்து, "யாயேகோ" என்று வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாளாம். அந்த அம்மாள் சோற்றுக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, "இதுக்கு உனக்கு ஒம்பது வருஷம் ஆச்சா?" என்றாளாம்.

இதைக் கேட்டு நான் அழுதேன். பிழைதிருத்தும் அறையில் காகிதம் நனையக் கூடாது என்பதால் மாடிப்படிக்குப் போய் அழுதேன். அப்புறம் நடந்ததெல்லாம் ஊரறிந்தது: இதழை மூன்று தடவை மறுபடி அச்சடித்தோம், ஓனோதெரா அம்மையார் ஒரு பெட்டி பயறு பன்னோடு மறுபடியும் மாடியேறி வந்து, "கதையைப் புத்தகமாப் போடறப்பவும் அந்த சான் அப்படியே இருக்கட்டும் ஐயா. அவ பயந்துதான் போயிருப்பா. அது எனக்கே தெரியல" என்று எனக்குத் தலைவணங்கினார், எனக்கு, எழுந்து நிற்கக்கூட மறந்துபோய் உட்கார்ந்திருந்த எனக்கு. வீட்டில் சூப்பும் சூடாக வர ஆரம்பித்தது.

ஆகவே அம்மையாரே, மன்னிப்புக் கேட்க இந்தப் பத்தியிலும் இடம் தேடினேன், அகப்படவில்லை. நாற்பத்தொரு வருடத்தில் நான் செய்த ஒரே தவறு இது, அதுவும் ஜெயித்துவிட்டது. என்னை அனுப்புவதானால் அனுப்புங்கள். அகிதாவுக்கு மட்டும் நீங்களே காரணம் எழுதிப் போடுங்கள்.

தங்கள் உடல்நலமும் இதழின் புகழும் ஓங்குக. ஈரக் காலோடு மாடிப்படி ஏறாதீர்கள், வழுக்குகிறது.

பணிவுடன்,
குசகபே தெய்சோ

பி.கு.: ஜூலை இதழின் கடைசிப் பக்கத்தை இன்று காலை அச்சுக்கு அனுப்பிவிட்டேன். இந்தத் தடவை ஓனோதெரா அம்மையார் 'ரிட்சுகோ என்பதில் தயவுசெய்து கை வைக்காதீர்கள்' என்று ஓரத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார், வைக்கவில்லை. ஆனால் அதற்கு அடுத்தாற்போல் சயோகோ, 'எனக்குப் பிடிச்சிருக்கு' என்கிறாள். என்ன பிடித்திருக்கிறது? வாக்கியத்தில் எழுவாயே இல்லை. நல்லவேளையாகப் படத்தில் இருவர் முன்னும் கிண்ணம் இருந்தது. 'இந்த நூடுல்ஸ்' என்று சேர்த்துவிட்டேன்.