ஏர்கோன் அண்ணே பேசிய சீனம்

வாயை மூடிக்கொண்டு ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றத் தெரியாத மனிதர் பினாங்குத் தீவிலேயே ஒருவர்தான். ஏசி பழுதுபார்ப்பவர் என்பதால் அவர் ஏர்கோன் அண்ணே. அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

நாங்கள் இருவரும் ஜார்ஜ் டவுனில் ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரியில் படித்தோம். எனக்குக் கேக்கும் ரொட்டியும், அவருக்குக் குளிர்சாதனம். நாற்பது வயதைத் தாண்டியவர் சின்னப் பிள்ளைகளோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். அடுக்குமாடிச் சுவர்களில் தொங்கித் தொங்கி அவர் முழங்கால் போய்விட்டது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்று சூப்பர்வைசர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஆனால் சான்றிதழ் இருந்தால்தான் வேலை.

அந்தச் சான்றிதழுக்கு ஒரு விநோத நிபந்தனை. தாய்மொழி, மலாய், ஆங்கிலம் தவிர இன்னொரு மொழியிலும் வாய்மொழித் தேர்வில் பாஸாக வேண்டும். கேக்குக்குக் க்ரீம் தடவ இன்னொரு மொழி எதற்கு என்று நான் புலம்பினேன். அண்ணனுக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"சீனம்தானே தங்கச்சி? எனக்குத் தண்ணி பட்ட பாடுலா! பாசார்ல போய்க் கேட்டுப் பாரு!"

பாசாரில், அதாவது சந்தையில், அவர் சீனத்தில் வெளுத்து வாங்குவார் என்பது உண்மைதான். ஆனால் அது ஹொக்கியன். பினாங்கில் சீனர்கள் வீட்டிலும் கடையிலும் பேசுவது அதைத்தான். கல்லூரி சொல்லிக்கொடுத்ததோ மாண்டரின். ஒன்று தெரிந்தால் மற்றது தானாக வந்துவிடாது.

எங்கள் மாண்டரின் ஆசிரியை பினாங்குக்காரர். முதல் நாள் மாண்டரினில் "உட்காருங்கள்" என்றார். அண்ணன் உட்காராமல், வகுப்பு ஏர்கோன் ஏன் இருமுகிறது என்று ஹொக்கியனில் விளக்க ஆரம்பித்துவிட்டார். ஆசிரியை சிரித்துவிட்டு, தன் வீட்டு ஏர்கோனின் கோளாறை ஹொக்கியனிலேயே சொன்னார். அப்புறம் பாடம் எங்கே நடந்தது? பருவம் முடிந்தபோது ஆசிரியை வீட்டில் குளிர் பிரமாதமாக இருந்தது. அண்ணனிடம் மாண்டரின் ஒரு சொட்டுகூட இல்லை.

தேர்வாளர் கோலாலம்பூர்க்காரர். ஹொக்கியன் அறவே தெரியாது. அண்ணன் உள்ளே போய்ப் பொழிந்து தள்ளிவிட்டு வெளியே வந்தார்.

"மனுஷன் அசந்துட்டாரு தங்கச்சி. அவருக்குப் பேச்சே வரல!"

முடிவு வந்தது. அண்ணன் ஃபெயில். நானும் ஃபெயில்தான், வாயே திறக்காததால்.

மறுதேர்வு ஒன்றுதான் உண்டு. அதிலும் கோட்டை விட்டால் தொழிற்சாலை வேறு ஆள் பார்த்துக்கொள்ளும். அண்ணன் சில நாள் பேசவே இல்லை. ஏர்கோன் நின்றுபோன அறை மாதிரி எங்களுக்கெல்லாம் புழுங்கியது. பிறகு ஒரு நாள் கேள்வியோடு வந்தார்.

"ஏன் தங்கச்சி, இந்தச் சீனக்காரங்க வீட்ல ஒண்ணு பேசுறாங்க, ஸ்கூல்ல ஒண்ணு பேசுறாங்க?"

"நம்ம மட்டும் என்னவாம் அண்ணே? வீட்ல பேசுற மாதிரியா மேடையில பேசுறோம்?"

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "அடக் கடவுளே! அப்போ நான் மேடையில போய்ப் பாசார் பேச்சுப் பேசிட்டு வந்திருக்கேன்!"

அன்றிலிருந்து கல்லூரிப் பக்கத்துக் கோப்பிக் கடைச் சீன ஆண்ட்டிக்குத் தலைவலி. இனிமேல் தன்னோடு மாண்டரினில்தான் பேச வேண்டும் என்று அண்ணன் அடம்பிடித்தார். பாவம், ஆண்ட்டி வெட்கத்தோடு நிமிர்ந்து நின்று, "ஐயா, இன்று தாங்கள் என்ன அருந்துகிறீர்கள்?" என்கிற தோரணையில் கேட்பார். கடையே சிரிக்கும். அண்ணன் வார்த்தை தேடிப் பதில் சொல்வதற்குள் பக்கத்து மேசைக்காரர் குடித்து முடித்து எழுந்து போயிருப்பார்.

மறுதேர்வுக்கும் அதே தேர்வாளர்தான் வந்தார். அடுத்த ஆள் நான் என்பதால் கதவோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். பெயர், வேலை எல்லாம் அண்ணன் தட்டுத் தடுமாறிச் சொல்லிவிட்டார். பிறகு தேர்வாளர் கேட்டார்:

"இந்த மொழியை ஏன் கற்கிறீர்கள்?"

அண்ணன் இருக்கும் அறையில் ஏர்கோன் சத்தம் மட்டும் கேட்டது அன்றைக்குத்தான். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, உடைந்த மாண்டரினில் அவர் குரல் வந்தது:

"போன தடவை உங்களிடம் நிறையச் சொன்னேன். உங்களுக்குப் புரியவில்லை. அதையெல்லாம் மறுபடியும் சொல்ல வந்திருக்கிறேன்."

தேர்வாளர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, "சொல்லுங்கள்" என்றார். என் முறை வர வெகுநேரமாயிற்று.

அண்ணன் பாஸ். நானும் எப்படியோ தப்பித்தேன். அவர் இப்போது பாயான் லெப்பாஸில் சூப்பர்வைசர். எனக்குச் சொந்தமாக ஒரு கேக் கடை. என் கடை ஏர்கோனில் ஒரு கோளாறும் கிடையாது. இருந்தாலும் அவ்வப்போது அண்ணனுக்குப் போன் போடுகிறேன்: "என்னமோ சத்தம் வருது அண்ணே, கொஞ்சம் வந்து பாருங்கலா." அவர் வந்த பிறகுதான் சத்தமே வரும். எனக்கு அந்தச் சத்தம் வேண்டியிருக்கிறது.