வேறு குமுதாவிடம் சேர்ந்துவிட்ட மன்னிப்பு

16.6.2025, திங்கள், மதியம் 1.10.
ஜொகூர் பாருவில் லோரியில் ஏற்றிய பெட்டிகள் 23. கூலிமில் இறக்கியவை 31.

அன்புள்ள குமுதா சித்திக்கு,

உங்கள் அக்கா தனலெட்சுமியின் மகன் சிவநேசன் எழுதுவது. நான் நலம், லோரியும் நலம். நீங்களும் சித்தப்பாவும் நலம் என்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுப் போன் எண்கள் ஐந்தையும் நீங்கள் தடுத்து வைத்திருப்பதால்தான் கடிதம்.

நேற்று நான் ஜொகூர் பாரு வீட்டைக் காலி செய்துகொண்டு கூலிமில் புது வேலைக்குக் கிளம்பினேன். வழியில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உங்களைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. இருபத்தைந்து நிமிடம் ஒதுக்கியிருந்தேன். உங்கள் மகள் விஷ்ணுப்ரியா கல்யாணத்தில், மைக் ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல் அம்மா "மாப்பிள்ளைக்கு இப்பவே வழுக்கை" என்று சொல்லி, அதை மண்டபமே கேட்டு, ஆறு வருடம் ஆகிறது. நீங்கள் பேசாமல் இருப்பதும் ஆறு வருடம். அம்மா இதுவரை "வாய் தவறிடுச்சு" என்றே சொல்லிவந்தார். இந்த முறை வேறு வாக்கியம். லோரிக் கதவைப் பிடித்துக்கொண்டு என்னை மூன்று தடவை ஒப்பிக்க வைத்தார்: "வாய் தவறிச் சொல்லல, பொறாமையில சொன்னேன், மன்னிச்சிரு."

உங்கள் அடுக்குமாடி வாசலில் காவலர் கேட்டார்: "எந்தக் குமுதா தம்பி? முறுக்கு குமுதாவா, பேங்க் குமுதாவா?" நீங்கள் வங்கியில் இருந்தது எனக்குத் தெரியும். ஆனால் லோரி மஞ்சள் கோட்டில் நின்றது, பின்னால் ஒருவன் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தான், பதினோரு வயதில் உங்கள் வீட்டில் தின்ற முறுக்கு மட்டும்தான் சட்டென்று ஞாபகத்துக்கு வந்தது. "முறுக்குதான் லா அங்கிள், சீக்கிரம்" என்றேன். பதினோரு வயதுக்குப் பிறகு உங்களைப் பார்க்காததால் முகமும் ஞாபகமில்லை. தவறு முழுக்க என்னுடையது.

கதவைத் திறந்த அம்மாளிடம் "சித்தி, அம்மா அனுப்புனாங்க" என்று ஆரம்பித்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாக்கியத்தைச் சொல்லி முடித்தேன். அவர் கையிலிருந்த கரண்டி விழுந்தது. "அவளா சொன்னா? அவ வாயாலயா?" "அவங்க வாயாலதான். மூணு தடவ." அப்படியே சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். பிறகு என் கன்னத்தைப் பிடித்து, "குருதானே நீ? எப்படி வளந்துட்ட!" என்றார். என் பெயரை மறந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். திருத்தினால் ஐந்து நிமிடம் போகும் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது தோசையில் இருந்தபோது அவர் கிள்ளானில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரிலும் வைத்தார்.

"அக்கா, உன் மகன் வந்து சொல்லிட்டான். போதும். எனக்கு மனசு ஆறிடுச்சு."

"என் மகன் இங்க எம்பக்கத்துல உக்காந்து போனைத் தேய்ச்சிக்கிட்டு இருக்கானே?"

"அப்ப இங்க தோசை திங்கிறது யாரு?"

"எனக்கு எப்படிடி தெரியும்? பாக்க எப்படி இருக்கான்?"

"ஒல்லியா. கண்ணாடி போட்டிருக்கான்."

"பாவம், இன்னும் ரெண்டு போடு. ஆமா, அவன் என்னதான் சொன்னான்?"

அவர் அந்த வாக்கியத்தை ஒரு சொல் மாறாமல் சொன்னார். அந்தப் பக்கம் டிவியை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அது நான் சொல்ல வேண்டியதுதான்டி" என்றது குரல்.

சித்தி, நான் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். தவறான பாகத்தைப் பொருத்தினால் இயந்திரம் நிற்கும், அல்லது புகையும். தவறான பாகத்தால் ஓடி நான் பார்த்தது இது ஒன்றுதான். அக்கா தங்கைக்குள் ஒன்பது வருடச் சண்டையாம். எதற்கு என்று கேட்டேன். முறுக்கு குமுதா ஒரு காரணம் சொன்னார், ஸ்பீக்கரில் அக்கா புனிதா வேறொரு காரணம் சொன்னார், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. என் திட்டத்தில் கிள்ளான் கிடையாது. ஆனாலும் அவர் சேலை மாற்றிக்கொண்டு வந்து லோரியின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நானும் லோரியைக் கிள்ளான் பக்கம் திருப்பினேன். புனிதா வீடு இருக்கும் பண்டமாரானில் நான் லோரியை நிறுத்துவதற்குள் புனிதா ஆன்டி வெறுங்காலோடு ரோட்டுக்கு வந்துவிட்டார். ஒருவரும் மன்னிப்பு என்ற பேச்சையே எடுக்கவில்லை. "ஏன்டி இப்படி இளைச்சிட்ட?" "நீ மட்டும் என்னவாம், பூசணிக்கா மாதிரி ஊதிட்ட!" அவ்வளவுதான். அந்த நடுரோட்டில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, பின்னால் வந்த கண்டெய்னர் லோரிகூட ஹாரன் அடிக்காமல் நின்றது. நானும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என்னிடம் சொல்லும்போது அந்த வாக்கியம் எனக்கு வெறும் ஆறு சொல்தான். அதில் இவ்வளவு இருக்கும் என்று யார் நினைத்தது?

பிறகு என் புது வீட்டுக்கென்று அரிசி, குக்கர், ஊறுகாய், பாய் என்று எட்டுப் பெட்டி ஏற்றினார்கள். "நீ யாரு வீட்டுப் பிள்ளைப்பா?" என்று புனிதா ஆன்டி கேட்டதே, எட்டாவது பெட்டியைக் கட்டிய பிறகுதான். மணி நாலு. கூலிமில் வீட்டுச் சாவி கொடுக்கிறவர் காத்திருந்தார். உங்களிடம் திரும்பிவர முடியவில்லை.

அந்த வாக்கியம் உங்களுக்கு உரியது. வேறு வீட்டில் செலவாகிவிட்டாலும் அதில் ஒன்றும் குறையவில்லை. மேலே அப்படியே எழுதியிருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். சித்தப்பாவுக்கு வணக்கம். விஷ்ணுப்ரியாவுக்கும் அவள் கணவருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
சிவநேசன்

பி.கு.: இப்போதுதான் அம்மா போன் செய்தார். நடந்ததைச் சொன்னதும், "அதை எழுத்துல வேற குடுத்துட்டியா? சொல்ல வேண்டியது நான். உன்னை அனுப்புனதே தப்பு. நானே வரேன்" என்றார். ஆகவே மேலே உள்ளதைப் படிக்காததாக வைத்துக்கொள்ளவும். வேறு கடிதம் எழுத உணவு இடைவேளையில் நேரமில்லை. இனி நான் செய்யப்போவது:

1. சனிக்கிழமை காலை 11.40-க்குக் கோலாலம்பூர் பஸ் நிலையத்தில் அம்மாவை ஏற்றிக்கொள்வேன்.
2. உங்கள் கதவுவரை கொண்டுவந்து விடுவேன்.
3. மணியை அடித்துவிட்டு லிஃப்ட் பக்கம் போய் நிற்பேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்.
4. நீங்கள் திறக்காவிட்டால் என்ன செய்வது என்று எவ்வளவு யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை. அதனால், திறந்துவிடுங்கள் சித்தி.