பிரியாணி தேக்சாவில் சுல்தான்

மாமனார் வீட்டில் புது மாப்பிள்ளை சாப்பிடலாம், தூங்கலாம், எழுந்து மறுபடியும் சாப்பிடலாம். யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். உதவி செய்கிறேன் என்று மட்டும் கிளம்பிவிடக் கூடாது. அப்படிக் கிளம்பிக் கெட்டுப்போன மாப்பிள்ளை ஊருக்கு ஒருவராவது இருப்பார். அறந்தாங்கிக்கு நான்.

கல்யாணமாகி நாலு மாதம் ஆகியிருந்தது. என் மாமனார் பாதி ஆயுளைச் சவுதியில் கழித்துவிட்டு வந்தவர். பேச்சையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார் போலிருக்கிறது. என்னிடம் "வாங்க", "சாப்ட்டீங்களா", "சரி" என்ற மூன்றோடு முடித்துக்கொள்வார். என்னைப் பிடிக்கவில்லையோ என்ற சந்தேகம் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. (என் மனைவி ஃபரிதாவிடம் கேட்டால் "அத்தா அப்படித்தாங்க" என்பாள். அது ஆறுதலா, தீர்ப்பா என்று இன்றுவரை புரியவில்லை.)

அவர் மனம்விட்டுப் பேசுவது ஒரே ஒரு ஜீவனிடம்தான். ஹாலில் கண்ணாடித் தொட்டியில் தனிக்காட்டு ராஜாவாக வாழ்ந்த சுல்தான். ஃபிளவர்ஹார்ன் மீன். உள்ளங்கை அகல உடம்பு, நெற்றியில் கொழுக்கட்டையை ஒட்டவைத்த மாதிரி ஒரு புடைப்பு. மாமா கண்ணாடியில் விரலை வைத்தால் விரல் போகும் பக்கமெல்லாம் கூடவே வரும். நான் வைத்தால் முறைக்கும்.

அப்போதுதான் மொட்டை மாடியில் மாமி வளர்த்த மல்லிகைச் செடிகள் பழுத்து இலை உதிர்க்க ஆரம்பித்தன. "எதப் போட்டாலும் தேற மாட்டேங்குது மாப்பிள்ளை" என்று மாமி வருத்தப்பட்டார். நான் மாடித்தோட்ட வீடியோக்களை விழுந்து விழுந்து பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. காற்றூட்டிய மண்புழு உரக் கரைசல் என்று ஒன்று உண்டு. ஒரு வாளித் தண்ணீரில் மண்புழு உரத்தைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை கலந்து, ஒரு பகலும் இரவும் விடாமல் காற்றைக் குமிழியிட விட வேண்டும். உரத்திலிருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று கோடிக்கணக்கில் பெருகும். அதைச் செடிக்கு ஊற்றினால் செடி ஜம்மென்று எழுந்து நிற்கும். ஆனால் நடுவில் காற்று நின்றால் கரைசல் கெட்டு நாறிவிடும்.

"நான் பாத்துக்கறேன் மாமி" என்றேன். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

மாமாவும் மாமியும் கோட்டைப்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார்கள். எனக்கு ஆபீஸ் வேலை என்று பொய் சொல்லி வீட்டிலேயே தங்கிவிட்டேன், ஃபரிதாவும் என்னோடு தங்கினாள். மாமி திரும்பி வருவதற்குள் கரைசலை ஊற்றி, அசத்திவிட வேண்டும் என்று திட்டம். வாசல்வரை போன மாமா திரும்பி வந்து, தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, சுல்தானப் பாத்துக்கங்க."

நாலு மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சுல்தானின் காற்றுப் பம்பைத்தான் நான் முந்தின நாளே பங்கு போட்டு வைத்திருந்தேன். வீட்டில் இருந்த ஒரே பம்ப் அதுதான். பிடுங்கினால் மீன் செத்துவிடும் என்கிற அறிவு எனக்கு இருந்தது. அதனால் ட்யூபில் ஒரு டி-ஜாயின்ட் மாட்டி, ஒரு கிளையைத் தொட்டிக்கும் இன்னொரு கிளையை வாளிக்கும் விட்டேன். வாளியைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே, அதைவிட உயரமான சாப்பாட்டு மேசைமேல் வைத்து ஒரு துணியைப் போர்த்தியிருந்தேன். (கேட்டதற்கு "செடிக்கு மருந்து" என்றேன். மாமா "சரி" என்றார்.) வீடியோவில் ட்யூபை வாளியின் மேல்புறமாக உள்ளே விட்டிருந்தார்கள். அது மிதந்து வெளியே வந்துவிடுமே என்று நான் ஒருபடி மேலே போய், வாளியின் அடியில் ஓட்டை போட்டு, ட்யூபை நுழைத்துப் பசை வைத்து அடைத்திருந்தேன். அந்தப் புத்திசாலித்தனத்தை ஃபரிதாவிடம் இரண்டு முறை விளக்கினேன். அவள் இரண்டு முறையும் கொட்டாவி விட்டாள்.

அவர்கள் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் மின்விசிறி நின்றது.

"ஏங்க, இன்னிக்கு பராமரிப்புக்குன்னு சாயங்காலம் வரைக்கும் கரன்ட் கெடையாது. பேப்பர்ல போட்ருந்தாங்களே, பாக்கலையா?" என்றாள் ஃபரிதா.

நான் பார்க்கவில்லை. கரைசல் கெட்டுவிடுமே என்று வாளியைத்தான் முதலில் பார்த்தேன். அதில் மட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கே போகிறது என்று ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு தொட்டியைப் பார்த்தேன். காற்று தள்ளிக்கொண்டிருந்தவரை வாளித் தண்ணீர் அடி ஓட்டையில் இறங்காமல் நின்றிருந்தது. காற்று நின்றதும் அது ட்யூப் வழியாக டி-ஜாயின்ட்டுக்கு வந்து, பாதி கீழே இருந்த பம்புக்குள்ளும் பாதி சுல்தானின் தொட்டிக்குள்ளும் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது. பழுப்பு நிறம் புகை மாதிரி பரவியது. நான் ட்யூபைப் பிடுங்குவதற்குள் கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. மீனைக் காணவில்லை.

ஒரு பகலும் இரவும் சர்க்கரை போட்டு நான் வளர்த்த கோடிக்கணக்கான உயிர்கள் இப்போது அந்தத் தொட்டித் தண்ணீரில் இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சப்போகின்றன. சுல்தானுக்கு என்ன மிஞ்சும்? பம்பும் குடித்த தண்ணீரோடு போய்ச் சேர்ந்துவிட்டது. உலுக்கிப் பார்த்தேன், உள்ளே தண்ணீர்தான் தளும்பியது.

பழுப்புத் தண்ணீரின் மேலே ஒரு வாய் வந்து திறந்து திறந்து மூடியது.

"செத்துறப் போவுதுங்க!" என்று ஃபரிதா அலறினாள். "வேற தண்ணில போடுங்க!"

குழாய்த் தண்ணீரில் போட முடியாது, பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கும், மீன் தாங்காது. கரைசலுக்காக அந்த வாடை போகட்டும் என்று பிடித்துத் திறந்துவைத்த தண்ணீர் மாடியில் ஒரு டிரம் மிச்சமிருந்தது. (அந்த நாளில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.) அவ்வளவு பெரிய மீன் கொள்ளும் பாத்திரம் வீட்டில் ஒன்றுதான், மாமியின் பிரியாணி தேக்சா. அதை நிரப்பி, அரிசி களையும் பிளாஸ்டிக் கூடையால் சுல்தானை அள்ளினேன். போகிற போக்கில் என் கட்டைவிரலைக் கடித்தது. உயிரோடு இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

ஆனால் தேக்சாவிலும் காற்று வேண்டுமே. ஒரு ஜக்கில் தண்ணீரை மொண்டு, டீக்கடையில் ஆற்றுவதுபோல் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றினேன். நிறுத்தினால் சுல்தான் மேலே வந்து வாயைத் திறந்தது. ஊற்றினால் உள்ளே போனது. எனவே நான் மொண்டு ஊற்றிக்கொண்டே இருக்க, ஃபரிதா வளர்ப்பு மீன் விற்கும் ஜமால் அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அண்ணே, பேட்டரில ஓடுற காத்துப் பம்பு ஒண்ணு அவசரமா வேணும்ணே."

"கடையப் பூட்டிட்டு கோட்டப்பட்டினம் கல்யாணத்துக்கு வந்துருக்கேம்மா. ஏன், சுல்தானுக்கு என்னா? இந்தா, ஒங்க அத்தாவும் நானும் ஒரே சகன்லதான் சாப்புட்டுக்கிட்டு இருக்கோம். பேசு."

(ஒரு பெரிய தட்டில் நாலு பேர் சேர்ந்து சாப்பிடுவதுதான் சகன். அன்றைக்கு அங்கே அத்தனை தட்டு இருந்தும் அவர்கள் இருவரும் ஒரே தட்டில்தான் உட்கார வேண்டுமா?)

ஃபரிதா போனை என் காதில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

"மாமா... சுல்தான் நல்லா இருக்கு."

"எங்க இருக்கு?"

"தேக்சாவுல."

எதிர்முனையில் பிரியாணிப் பந்தியின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. திரும்பத் திரும்பப் போன் அடித்தோம், அவர் எடுக்கவில்லை.

கோட்டைப்பட்டினத்திலிருந்து வர ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த நேரம் முழுக்க நான் மொண்டேன், ஊற்றினேன். தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. ஃபரிதா மாற்றிவிட வந்தாள், விடவில்லை. என்னை நம்பி ஒப்படைத்த மீன். இது செத்தால் அந்த மனிதர் ஆயுசுக்கும் என்னிடம் "வாங்க"கூடச் சொல்ல மாட்டார். "சுல்தானே, போய்த் தொலைஞ்சிராதப்பா" என்று கெஞ்சினேன். நான் அதனிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

வாசலில் ஜமால் அண்ணனின் பைக் சத்தம் கேட்டது. மாமா வெள்ளைச் சட்டையோடு நேராகச் சமையலறைக்கு வந்தார். விரலில் பிரியாணி எண்ணெய்கூடக் காயவில்லை. முதலில் அடுப்பைப் பார்த்தார். அணைந்திருந்தது. அப்புறம் தேக்சா. அப்புறம் என் கை.

அவர் கையைக் கழுவிவிட்டு, இன்னொரு ஜக்கை எடுத்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"ஒரே கையால ஊத்துனா எப்பிடி? மாத்தி மாத்தி ஊத்துங்க."

ஜமால் அண்ணன் பம்ப் எடுக்கக் கடைக்குப் போயிருந்தார். நாங்கள் இருவரும் ஊற்றிக்கொண்டிருந்தோம். எப்போது திட்டு விழும் என்று காத்திருந்தேன். ஃபரிதா அந்தப் பக்கம் போனதும் மாமா குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"இது ரெண்டாவது சுல்தான்."

"மாமா?"

"மொதச் சுல்தான் போன வருசம் கரன்ட் போனப்ப போயிருச்சு. நாந்தான் தூங்கிட்டேன். அன்னிக்கே ஜமாலு வேற ஒண்ணு குடுத்தாரு. ஒங்க மாமிக்குத் தெரியாது. சொல்லிராதீங்க."

அப்புறம் அவர் சிரித்தார். சிரித்தால் அவருக்குக் கன்னத்தில் குழி விழும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சுல்தான் பிழைத்துக்கொண்டது. மாமி வருவதற்குள் பழுப்புத் தொட்டித் தண்ணீரை நானும் மாமாவும் சுமந்துபோய் மல்லிகைக்கே ஊற்றினோம். செடிகள் அந்த மாதமே பூத்துத் தள்ளின. பெருமை கரைசலுக்கா, சுல்தான் போட்ட எருவுக்கா என்று நான் ஆராயவில்லை. தேக்சாவை மட்டும் மாமி தொட மறுத்துவிட்டார். அது இன்றைக்கும் மாடியில் கறிவேப்பிலைத் தொட்டியாக நிற்கிறது.

அதற்குப் பிறகு எங்கே எப்போது கரன்ட் போனாலும் மாமாவின் குரல் முதலில் வரும்: "மாப்பிள்ளை, ஜக்கு எங்க?" கல்யாண மண்டபமாக இருந்தாலும் சரி, விடமாட்டார். போன நோன்புப் பெருநாளுக்குக் குடும்பமே பந்தியில் உட்கார்ந்திருந்தபோது மின்விசிறி நின்றது. மாமா கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் மாமாவும் மட்டும் ஒருவரையொருவர் பார்த்து, கொஞ்சம் அதிகமாகவே சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும், பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்த மாமி என் தட்டில் ஒரு துண்டு கறியை வைத்தபடியே சொன்னார்:

"மொத மீனுக்கு வாலுல கறுப்பா ஒரு மச்சம் இருந்துச்சு மாப்பிள்ளை. நா ஏதாவது கேட்டனா?"

மாமா ஜக்கை எடுத்து, ஏற்கெனவே நிறைந்திருந்த தன் டம்ளரில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்.