திருட்டு ஒழிப்புக் குழுவின் முதலும் கடைசியுமான கூட்டம்

திருட்டை ஒழிக்க எத்தனையோ மகான்கள் அவதரித்திருக்கிறார்கள். நாற்காலியை விட்டு எழாமலே ஒழித்தவர் அந்தக் கல்லூரியின் துறைத்தலைவர் ஒருவர்தான்.

விடுதி மாணவர்கள் செய்துவந்த பாதகம் இதுதான்: ஒருவர் கணினியில் இருக்கும் படம், பாட்டு, பாடக்குறிப்பு எல்லாவற்றையும் கல்லூரி வலையமைப்பு வழியே மற்றவர் நேரடியாக எடுத்துக்கொள்ளலாம். நடுவில் தரகர் இல்லை. தரகர் இல்லாத சந்தையைக் கண்டால் எந்தப் பெரிய மனிதருக்குத்தான் நெஞ்சு பொறுக்கும்?

துறைத்தலைவருக்குப் பொறுக்கவில்லை. முதல்வர் நாற்காலி காலியாகப் போகிறது. அதற்குள் கையில் ஒரு சாதனை வேண்டும். ‘அறிவுத் திருட்டும் அறமும்’ என்ற அவருடைய நூல் அச்சுக்குக் காத்திருந்தது. ஒரு ‘குழு’வும் கூடிவிட்டால் நாற்காலி தானே நடந்து வரும்.

குழு கூடியது. எதிரே பெரிய திரை, நடுவே கல்லூரித் தாளாளர். ஓரமாக, வலையமைப்பைக் கவனிக்கும் ஊழியர்; பட்டப்பெயர் ‘ஒயர்’.

“ஒயர், பசங்க பகிர்ந்துக்கற அந்த மென்பொருளைத் திற,” என்றார் துறைத்தலைவர். “ களவை நேர்லயே காட்டணும்.”

“சும்மா உள்ள விடாது சார். நம்மகிட்ட இருக்கறதையும் கடை விரிச்சாத்தான் கதவு திறக்கும். அது அவங்க கட்டுப்பாடு.”

“திருடனுங்களுக்குக் கட்டுப்பாடு வேறயா! என் கணினியையே விரி. நமக்கு ஒளிக்க என்னய்யா இருக்கு?”

இந்தப் பெருந்தன்மையைக் கண்டு தாளாளர் உருகிப்போனார்.

“அய்யா, என் நூலையே தேடிப் பாப்போம். அச்சுக்குக்கூடப் போகல. அதையும் சுட்டிருந்தானுங்கன்னா?”

ஒயர் தட்டினார். நூல் இரண்டு இடத்தில் இருந்தது: துறைத்தலைவர் அறையிலும், மகளிர் விடுதியிலும்.

“பாத்தீங்களா! பாத்தீங்களா!”

“ஆனா அங்க ‘ஆய்வேடு’ன்னு வேற பேர்ல இருக்கு சார்.”

“திருடினவ பேரை மாத்தத்தானே செய்வா!”

“பேரை மாத்தி இதை ஏமாத்த முடியாது சார். உள்ள எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருந்தா, ரெண்டையும் சேர்த்துக் காட்டிடும்.”

துறைத்தலைவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் மாற்றியிருந்தது கோப்பின் பெயரை மட்டும்தான். உள்ளே கைவைக்க, பாவம், நேரம் கிடைக்கவில்லை.

“கூப்பிடுங்க அந்தப் பொண்ணை!” என்றார் தாளாளர்.

“வேணாங்க அய்யா... சின்னப் பொண்ணு. மன்னிச்சு விட்டுடலாம்.”

“உங்க மனசு யாருக்கு வரும்! இருந்தாலும் கூப்பிடுங்க.”

ஆய்வு மாணவி வந்தாள். திரையைப் பார்த்தாள்.

“ஏம்மா, சாரோட நூல் உன்கிட்ட எப்படி?”

“என்னோடது சார்கிட்ட எப்படின்னு கேளுங்க அய்யா. திருத்தக் கொடுத்தேன். தரம் பத்தாதுன்னுட்டாரு. எனக்கு இன்னும் பட்டம் வரல.”

ஒயர் ஆர்வத்தை அடக்க முடியாமல், துறைத்தலைவர் கணினியில் இருந்த கோப்பையே திறந்துவிட்டார். முதல் பக்கத்தில் காணிக்கை: ‘என் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு என்னைப் படிக்கவைத்த அம்மாவுக்கு.’

தாளாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “உங்களுக்குக் கல்யாணம் தள்ளிப்போச்சா சார்? சொல்லவே இல்லையே!”

“நாங்க எடுத்தா, கொடுத்தவங்ககிட்டயும் அது இருக்கும் அய்யா,” என்றாள் மாணவி. “ சார் எடுத்தா, கொடுத்தவங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது.”

அவளை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, குழு ஆழ்ந்து ஆலோசித்தது. துறைத்தலைவர் தாளாளர் காதருகே குனிந்து ஏதோ பணிவாகச் சொன்னார். தாளாளர் முகம் மலர்ந்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: கோப்புப் பகிர்வுக்கு இன்றுமுதல் தடை. காரணம், அதில் எந்தச் சரக்கு யாருடையது என்று தெரிந்துவிடுகிறது.

துறைத்தலைவர் முதல்வரானார். நூலும் வந்தது, ஒரே ஒரு திருத்தத்தோடு: காணிக்கையில் அம்மா இருந்த இடத்தில் தாளாளர் இருந்தார்.

நீதியில் துளியும் வழுவாத அந்தக் கல்லூரி, மாணவியின் ஆய்வேட்டையும் மறுபடி பரிசீலித்தது. நிராகரித்தது. முதல்வரின் நூலோடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதாம்.