கும்பிட நேரம் தராத மிஷின்

பணம் கொடுக்கிற மிஷினுக்கு மரியாதை தெரியுமா என்று சிங்கப்பூரில் பரிசோதித்துப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் மிஷின் அண்ணன்தான். எண்பதுகளில், குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில், எனக்கு நேர்மேல் வீட்டில் இருந்தார். அவருடைய நிஜப் பேர் தபால்காரருக்கு வேண்டுமானால் தெரிந்திருக்கும்.

வங்கிகள் அப்போதுதான் சுவரில் மிஷினைப் பதித்து, கையில் கார்டைக் கொடுக்க ஆரம்பித்திருந்தன. நாங்கள் ஆளுக்கொரு வங்கியில் கணக்கு வைத்திருந்தோம். அண்ணன் நான்கில் வைத்திருந்தார். எல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கத்தான். சாயங்காலமானால் கீழ்த்தளத்துக் கல் மேசையில் உட்கார்ந்து தீர்ப்பு சொல்வார்.

"எந்த பேங்க்ல வட்டி கூடண்ணே?" என்று கேட்டால் முகம் சுளிப்பார். "வட்டி கிடக்குது லா. மிஷின் எப்படி நடந்துக்குதுன்னு பாரு."

மிஷின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கார்டைப் போடுவார். நோட்டு எட்டிப் பார்த்ததும் எடுக்க மாட்டார். கண்ணை மூடி, கைகூப்பி, பிள்ளையாரில் ஆரம்பித்து ஒரு சுற்று கும்பிடுவார். மிஷினுக்கு அதெல்லாம் தெரியுமா? கொஞ்ச நேரம் பார்க்கும். ஆள் எடுக்கவில்லையென்றால் பணத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆக, முழுசாகக் கும்பிட விடுகிற வங்கிதான் அவருக்கு நல்ல வங்கி.

"தியேட்டர் பக்கத்துல இருக்குதே, அது அவசரக்குடுக்கை. பிள்ளையாரைத் தாண்டறதுக்குள்ள இழுத்துக்குது. மார்க்கெட் மிஷின் தங்கம், தம்பி. முருகன் வரைக்கும் நிக்கும்."

ஒருநாள் வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற சீன அங்கிள், கார்டு போட்டால் இப்படித்தான் செய்ய வேண்டும்போல என்று தானும் கைகூப்பிவிட்டார். நானே பார்த்தேன்.

இப்படிப்பட்டவர் பேச்சைக் கேட்டுத்தான் நானும் மார்க்கெட் வங்கியில் கணக்குத் திறந்தேன். அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை. வங்கி மத்தியானமே மூடிவிடும். "மிஷின் இருக்கறப்ப என்ன பயம்? சாயங்காலம் எடுத்துக்கலாம்," என்றார் அண்ணன். சிராங்கூன் ரோட்டு நகைக்கடையில் தாலி தயாராக இருந்தது. மீதியைக் கட்டினால்தான் கொடுப்பார்கள். எட்டு மணிக்குக் கடை மூடிவிடும். முகூர்த்தம் விடிந்ததும்.

மார்க்கெட் மிஷினில் கார்டைப் போட்டேன். நோட்டு வந்தது. எடுக்கப் போன என் கையை அண்ணன் பிடித்துக்கொண்டார்.

"தாலிப் பணம், தம்பி. கும்பிட்டு எடு."

கும்பிட்டேன். கண்ணைத் திறந்தால் பணமும் இல்லை, கார்டும் இல்லை. அண்ணன் மிஷினைத் தடவிப் பார்த்தார். அவர் தங்கம் என்று சொன்ன பழைய மிஷினை எடுத்துவிட்டு, அந்த வாரம்தான் வேறொன்றைப் பொருத்தியிருந்தார்கள்.

"புதுசு போலிருக்கு," என்றார் மெல்ல. "திங்கட்கிழமை கேட்டா கணக்குல போட்டுடுவாங்க."

"நாளைக்கு அவ கழுத்துல எதைண்ணே கட்டுறது, உங்க கார்டையா?"

அண்ணன் தன் கார்டை அதே மிஷினில் போட்டு இருந்ததை எடுத்தார். அப்புறம் டாக்சியைக் கைகாட்டி நிறுத்தினார். தியேட்டர் மிஷின், பாலத்தடி மிஷின், ஆஸ்பத்திரி மிஷின் என்று ஊரைச் சுற்றினோம். ஒவ்வொன்றிலும் தன் கணக்கை வழித்தெடுத்தார். செருப்பைக் கழற்றவில்லை. கண்ணை மூடவில்லை. நோட்டு மூக்கை நீட்டியதும் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு டாக்சிக்கு ஓடிவந்தார்.

கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்துதான் உள்ளே போனோம். தாலி என் கைக்கு வந்த பிறகுதான் அண்ணன் செருப்பைக் கழற்றினார். நான்கு மிஷினுக்கும் சேர்த்து வைத்துக் கும்பிட ஆரம்பித்தார். கடைக்காரர் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டார். இவர் இன்னும் முருகனுக்கே வந்திருக்கவில்லை.

இப்போது போனைத் தட்டினால் பணம் போய்விடுகிறது. எந்த வங்கியின் ஆப் நல்லது என்று என் மகள் ஒப்பிட்டு ஒப்பிட்டு மாற்றிக்கொண்டிருக்கிறாள். நான் தட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் கண்ணை மூடுகிறேன்.

"என்னப்பா, போன் ஹேங் ஆயிடுச்சா, நீங்க ஹேங் ஆயிட்டீங்களா?" என்கிறாள்.

அவள் நினைக்கிறாள், நான் சாமி கும்பிடுகிறேன் என்று. எனக்காக ஒரு சாயங்காலம் சாமியையே காக்கவைத்த மனிதரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.